புகையாத கப்பல்

பஸ்தியாம்பிள்ளை: ...பேந்து அந்தக் கப்பல் முழுக்கச் சாம்பல் நிறம் அடிச்சவையாம். இரவிலை கடலும் அந்த நிறம்தானே. பக்கத்திலை வந்தாலும் தெரியாதாம்.

மரியமலர்: கதைச்சது காணும். முதலிலை இந்தச் சூப்பைக் குடியுங்கோ.

பஸ்தியாம்பிள்ளை: இதிலை உப்பு இருக்கோ?

மரியமலர்: இல்லை.

பஸ்தியாம்பிள்ளை: அப்ப இது சூப் இல்லை. கரட் குளிச்ச சுடுதண்ணி.

மரியமலர்: நாளைக்கு நெஞ்சைத் திறக்கப் போகினம். இண்டைக்கு இவருக்கு உப்பு வேணுமாம்.

பஸ்தியாம்பிள்ளை: திறக்கிறது நெஞ்சைத்தானே. நாக்கு என்ன பாவம் செய்தது?

மரியமலர்: நாளைக்குத் திறப்பினமோ எண்டதே இன்னும் நிச்சயமில்லை. ஆறு மணிக்கு சிஸ்ரர் வந்து கடைசியாப் பிறஷர் பாப்பா. ஏறிச்சுதெண்டா இந்த முறையும் தள்ளி வைப்பினம். இனித் தள்ளிப்போனால் நெஞ்சுக்குள்ளை இருக்கிற அந்தக் குழாய் தாங்காது எண்டு டொக்ரர் சொன்னது ஞாபகம் இருக்கோ?

பஸ்தியாம்பிள்ளை: இருக்கு, இருக்கு. போனமுறை நானோ ஏத்தினது?

மரியமலர்: யாக்கோப்பு அண்ணை ஏத்தினது. ஒப்பரேஷனுக்கு முதல் நாள் வந்து, இந்தக் கட்டிலிலை இருந்துகொண்டு, 'அத்தான், லண்டனுக்கு வாற வழியிலை ஜெனியை பாங்கொக்கிலை பிடிச்சுத் திருப்பிப்போட்டாங்கள்' எண்டு... எங்கட ஒரே பிள்ளை. ஆருக்குத்தான் ஏறாது?

பஸ்தியாம்பிள்ளை: உம்மட அண்ணன்தானே. எங்கட வீட்டுப் பக்கம் அப்பிடி வாய் இல்லை.

மரியமலர்: உங்கட வீட்டுப் பக்கத்து வாயை இப்ப நான் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறன்! அதுதான் இந்த முறை சட்டம் போட்டிருக்கு. ஒருத்தரும் ஒரு புதினமும் கொண்டு வரக்கூடாது. கெட்டதும் வேண்டாம், நல்லதும் வேண்டாம்.

பஸ்தியாம்பிள்ளை: நல்லதுமோ?

மரியமலர்: சந்தோசத்துக்கும் ஏறுமாம். டொக்ரர்தான் சொன்னவர்.

பஸ்தியாம்பிள்ளை: சரி. அப்ப கப்பல் கதைக்குத் தடை இல்லை. அது நூற்றி முப்பது வருசப் பழைய புதினம்.

மரியமலர்: ஆர் உங்களுக்கு இதெல்லாம் சொன்னது?

பஸ்தியாம்பிள்ளை: பக்கத்துக் கட்டில் ஹார்ப்பர். இப்ப எக்ஸ்ரேக்குக் கொண்டு போயிருக்கினம். முந்தித் துறைமுகத்திலை மூட்டை இறக்கின மனிசன். அவற்ற பூட்டன் அந்தக் கப்பலிலை கரி போட்டவனாம்.

மரியமலர்: அவர் இங்கிலீசிலை சொல்ல, நீங்கள் தமிழிலை விளங்கி... மிச்சம் நீங்களே கட்டினது.

பஸ்தியாம்பிள்ளை: ஓட்டை இருந்த இடத்திலை மட்டும் கொஞ்சம் அடைச்சிருக்கிறன். கப்பலுக்குப் பேர் என்ன தெரியுமோ? ஹன்னா மேரி.

மரியமலர்: மேரியோ? அப்ப என்ர கப்பல்.

பஸ்தியாம்பிள்ளை: ஓம். அதுதான் ஒரு இடத்திலை நில்லாமல் ஓடிக்கொண்டு இருந்தது. உம்மைப் போலை. இண்டைக்கு எத்தினை தரம் வெளியிலை போட்டு வந்திட்டீர்?

மரியமலர்: ரெலிபோன் எடுக்கப் போனனான்... நீங்கள் கதையைச் சொல்லுங்கோ.

பஸ்தியாம்பிள்ளை: இஞ்சதான், தேம்ஸ் ஆத்திலைதான் கட்டினது. ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேலை பெரிய சில்லு. நீராவியிலை அது சுத்தச் சுத்தக் கப்பல் போகும். முதலிலை அதுக்கு என்ன வேலை எண்டு நினைக்கிறீர்? கோடை காலத்திலை சனத்தை ஏத்திக்கொண்டு மாகேற் கடற்கரைக்குப் போறது. பாண்ட் வாத்தியம், குடை பிடிச்ச பொம்பிளையள், ஐஸ்கிறீம்...

மரியமலர்: ஐஸ்கிறீம் நீங்கள் அடைச்சது.

பஸ்தியாம்பிள்ளை: அது அடைச்சதுதான். அந்த நேரம் பாத்து அமெரிக்காவிலை சண்டை. வடக்கும் தெற்கும். தெற்குத் துறைமுகம் எல்லாத்தையும் வடக்கின்ர போர்க்கப்பல் சுத்தி நிண்டு மறிச்சிட்டுது. ஒரு சாமானும் உள்ளுக்குப் போகேலாது. மருந்து இல்லை, சவுக்காரம் இல்லை, ஊசி இல்லை, நூல் இல்லை...

மரியமலர்: இதுக்கு அமெரிக்கா வரைக்கும் ஏன் போறியள்? எங்கட ஊருக்கு இப்ப றேடியோ பற்றரி விடுறாங்களோ? நெருப்புப்பெட்டி? மண்ணெண்ணெய்?

பஸ்தியாம்பிள்ளை: அதுதானே நானும் ஹார்ப்பருக்குச் சொன்னனான். எங்கட பாசையூரிலை சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேக்கினம் எண்டு. மனிசன் நம்பேல்லை. சரி... இஞ்ச ஒரு வியாபாரி யோசிச்சான். மெதுவாப் போற பெரிய கப்பல் அம்பிடும். மாகேற் போற கப்பல் எண்டால் சின்னது, வேகம், ஆழமில்லாத தண்ணியிலையும் போகும். வாங்கினான். அடிச்சான் சாம்பல் பெயின்ற். புகைக்கூண்டை மடிக்கிற மாதிரிச் செய்தான். அனுப்பினான்.

மரியமலர்: நில்லுங்கோ. தெற்குப் பக்கம் எண்டால்... அடிமை வைச்சிருந்தவையெல்லோ?

பஸ்தியாம்பிள்ளை: ஓம். அவையள்தான்.

மரியமலர்: அப்ப அந்தக் கப்பல் கடலிலை தாழ்ந்தாலும் நான் அழமாட்டன். சொல்லிப்போட்டன்.

பஸ்தியாம்பிள்ளை: அழச்சொல்லி ஆர் கேட்டது? ஹார்ப்பரும் அதைத்தான் சொன்னவர். 'கப்பல் போன பக்கம் பிழை, என்ர பூட்டனுக்குக் கரி போடுற சம்பளம்தான் தெரியும்' எண்டு. நான் கப்பலுக்காகச் சொல்லேல்லை மரியம். உள்ளுக்கு நிண்டு வேர்த்தவனுக்காகச் சொல்லுறன்.

மரியமலர்: அப்ப சரி. சொல்லுங்கோ.

பஸ்தியாம்பிள்ளை: நிலவில்லாத இராத்திரியாப் பாத்துத்தான் உள்ளுக்குப் போறது. ஒரு விளக்கும் இல்லை. சுருட்டுப் பத்தக்கூடாது. இருமக்கூடாது. கப்பலிலை ஆடு மாடு எல்லாம் ஏத்துவினம், சேவல் மட்டும் ஏத்த விடமாட்டினம்.

மரியமலர்: ஏனாம்?

பஸ்தியாம்பிள்ளை: எதிரிக் கப்பலுக்குப் பக்கத்திலை போகேக்கை கூவினால்?

மரியமலர்: ஐயோ!

பஸ்தியாம்பிள்ளை: ஒருக்கா ஆரோ சமையலுக்கு எண்டு ஒளிச்சு ஒரு சேவல் கொண்டுவந்து, அது நடுச்சாமத்திலை கூவி, போர்க்கப்பல் எல்லாம் முழிச்சிட்டுதாம். கப்டன் கழுத்தைத் திருகிக் கடலுக்குள்ளை எறிஞ்சானாம்.

மரியமலர்: சமையல்காரனையோ?

பஸ்தியாம்பிள்ளை: சேவலை! சிரியாதையும்... எனக்கும் சிரிப்பு வருகுது, நெஞ்சு நோகுது.

மரியமலர்: மெல்ல, மெல்ல. ஏறப்போகுது. மூச்சை இழுத்து விடுங்கோ.

பஸ்தியாம்பிள்ளை: இருக்கிறதிலை பெரிய வேலை என்ன தெரியுமோ? புகை. கண்ட கரியைப் போட்டால் கறுப்பாப் புகைச்சு மைல் கணக்குக்குத் தெரியும். அதுக்கெண்டு வேல்ஸிலை இருந்து ஒரு கரி கொண்டு போவினம். கல்லுமாதிரிக் கிடக்குமாம். நல்லா எரியும், ஆனால் புகையாது. ஹார்ப்பரின்ர பூட்டன் அதைத்தான் போட்டது. உள்ளுக்கு நெருப்பு அந்த மாதிரி எரியும். வெளியிலை பாத்தால் ஒண்டும் தெரியாது.

மரியமலர்: ம்...

பஸ்தியாம்பிள்ளை: என்ன யோசிக்கிறீர்?

மரியமலர்: ஒண்டுமில்லை. நல்ல கரி எண்டு யோசிச்சன். எத்தினை மணி இப்ப?

பஸ்தியாம்பிள்ளை: சிஸ்ரர் வாற நேரம் ஆகேல்லை. ஏன் காணும் வாசலையே பாக்கிறீர்?

மரியமலர்: ஹார்ப்பரைக் கொண்டு வருகினமோ எண்டு பாத்தன்.

பஸ்தியாம்பிள்ளை: அவர் வாறதுக்கு முதல் கப்பலைத் தாழ்ப்பம். இரும். எத்தினையோ பயணம் சுகமாப் போய்வந்திட்டுது ஹன்னா மேரி. துவக்கு, மருந்து, சப்பாத்து, பேந்து பொம்பிளையளின்ர இடுப்பை இறுக்கிற கச்சை...

மரியமலர்: சண்டைக்குள்ளை கச்சையோ!

பஸ்தியாம்பிள்ளை: ஏன், சண்டை எண்டு சனம் கலியாணம் கட்டாமல் விட்டதோ? பங்கருக்குள்ளை இருந்து சாறிக்கு புளவுஸ் தைச்ச ஆளெல்லோ நீர்?

மரியமலர்: அது என்ர தங்கச்சிக்கு.

பஸ்தியாம்பிள்ளை: ஆருக்கோ. கடைசிப் பயணம். போர்க்கப்பல் எல்லாத்துக்கும் நடுவாலை, பூனை மாதிரி வந்திட்டுது. ஒருத்தனும் காணேல்லை. ஆத்து வாய் தெரியுது. இன்னும் ஒரு மணல்திட்டியைச் சுத்தினால் துறைமுகம். அந்த நேரம் கரையிலை இருந்த சனத்துக்குப் புதினம் போயிட்டுது, ஹன்னா மேரி வந்திட்டுது எண்டு. சந்தோசம் தாங்கேலாமல் என்ன செய்தவை தெரியுமோ?

மரியமலர்: என்ன?

பஸ்தியாம்பிள்ளை: விளக்குக் கொளுத்தினவை.

மரியமலர்: அட கடவுளே.

பஸ்தியாம்பிள்ளை: வரவேற்பாம். கரை முழுக்கத் தார்ப்பீப்பா எரியுது. சனம் கை தட்டுது. வெளிச்சத்திலை கப்பல் பட்டப்பகல் மாதிரித் தெரிய, பின்னாலை நிண்ட போர்க்கப்பல் விட்டான் பீரங்கி. கப்டன் பதறிச் சுக்கானைத் திருப்ப, போய் ஏறிச்சுது மணல்திட்டியிலை. முறிஞ்சு போச்சு.

மரியமலர்: சரியா வந்து சேர முந்தி ஆராவது விளக்குக் கொளுத்துவினமோ? மூளையில்லாத சனம்! எங்கட ஆக்கள் எண்டால் ஏஜென்சிக்காரன் பிள்ளையைப் பிளேனிலை ஏத்திவிட்டாலும் மூச்சு விடமாட்டம். பிள்ளை வந்து இறங்கி, வீட்டை வந்து தேத்தண்ணி குடிச்சாப் பிறகுதான் பக்கத்து வீட்டுக்கே சொல்லுறது.

பஸ்தியாம்பிள்ளை: ஓம்... அது நல்ல பழக்கம்தான்.

மரியமலர்: நான்... பொதுவாச் சொன்னனான். ஆக்களுக்கு என்ன நடந்தது? செத்தவையோ?

பஸ்தியாம்பிள்ளை: ஒருத்தரும் சாகேல்லை. எல்லாரும் வள்ளத்திலை இறங்கித் தப்பிட்டினம். ஹார்ப்பரின்ர பூட்டன் மட்டும் நீந்திக் கரை ஏறினான். விசயம் அடுத்த நாள்தான். சப்பாத்துப் பெட்டியள் கரை ஒதுங்கினது.

மரியமலர்: ஊருக்கு நல்ல வாய்ப்பு.

பஸ்தியாம்பிள்ளை: கேளுமன். களவு போகாமல் இருக்க வியாபாரி ஒரு கெட்டித்தனம் செய்திருக்கிறான். இடது கால் எல்லாம் ஒரு பக்கப் பெட்டி, வலது கால் எல்லாம் மற்றப் பக்கப் பெட்டி. கரை ஒதுங்கினது முழுக்க இடது!

மரியமலர்: வலது?

பஸ்தியாம்பிள்ளை: கப்பலோடை தாழ்ந்து போச்சு.

மரியமலர்: அப்ப... அந்தச் சனம்...

பஸ்தியாம்பிள்ளை: வெறுங்காலோடை திரிஞ்ச சனம். விடுமோ? ரெண்டு காலிலையும் இடது சப்பாத்துப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முழு ஊரும் இடது பக்கமாச் சரிஞ்சு சரிஞ்சு போகுதாம். சுவாமியாரும் இடது!

மரியமலர்: ஐயோ... போதும்... எனக்கு வயிறு நோகுது. நற்கருணை எடுக்கப் போனால் எல்லாரும் இடது பக்கத்து மாதா சுரூபத்தடிக்குப் போயிருப்பினமே!

பஸ்தியாம்பிள்ளை: உந்த எண்பத்தி அஞ்சாம் ஆண்டிலை சுழியோடிகள் இறங்கிப் பாத்தவையாம். கப்பல் அப்பிடியே மண்ணுக்குள்ளை கிடக்கு. சில்லுக் கம்பி, மருந்துப் போத்தில், கச்சையின்ர கொழுக்கி... அதோடை பெட்டி பெட்டியா வலது சப்பாத்து. ஹார்ப்பரிட்டை பேப்பரிலை வந்த படம் இருக்கு. அவற்ற பூட்டன் கரையிலை எடுத்த ஒரு இடது சப்பாத்தோடைதான் இஞ்ச லண்டனிலை பிளேஸ்டோவுக்குத் திரும்பி வந்தவனாம். அது இப்பவும் வீட்டிலை கிடக்காம். ஹார்ப்பரின்ர மகள் அதுக்குள்ளை பூ வைக்கிறாவாம்.

மரியமலர்: பாவம். நூற்றி முப்பது வருசமாச் சோடி ரெண்டும் வெவ்வேறை கரையிலை.

பஸ்தியாம்பிள்ளை: ஓம்... அதிருக்கட்டும். நான் கேக்க நினைச்சனான். உம்மட காலைப் பாரும்.

மரியமலர்: என்ன காலுக்கு?

பஸ்தியாம்பிள்ளை: ஒண்டு கறுப்பு. ஒண்டு மண்ணிறம்.

மரியமலர்: ...அட!

பஸ்தியாம்பிள்ளை: காலமை தொடக்கம் இப்பிடியோ திரியுறீர்?

மரியமலர்: அது... வெளிக்கிடேக்கை இருட்டு. பல்ப் எரியேல்லை.

பஸ்தியாம்பிள்ளை: இருட்டோ? ஆசுப்பத்திரிக்குள்ளை ஆக்களை விடுறது பதினொண்டுக்கு. விடிய முந்தி எங்கை போனனீர்?

மரியமலர்: எங்கையும் போகேல்லை... பூசைக்குப் போனனான். அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்த.

பஸ்தியாம்பிள்ளை: செவ்வாய்க்கிழமைதானே அந்தோனியார். இண்டைக்கு வியாழன்.

மரியமலர்: முன்கூட்டி ஒரு சொல்லுச் சொல்லி வைச்சால் அவர் கோவிப்பாரோ? இஞ்சாருங்கோ, நீங்கள் ஏன் இப்ப குறுக்குவிசாரணை செய்யிறியள்... சிஸ்ரர் வாறா! சிஸ்ரர் வாறா! கையை நீட்டுங்கோ. கதையாதையுங்கோ. சிரிக்கவும் வேண்டாம்.

பஸ்தியாம்பிள்ளை: குட் ஈவினிங் சிஸ்ரர். யெஸ். நோ சோல்ற். ஒன்லி ஹொட் வாட்டர்.

மரியமலர்: பேசாமல் இருங்கோ எண்டு சொன்னனெல்லோ! அந்தோனியாரே... அந்தோனியாரே...

பஸ்தியாம்பிள்ளை: நீர் முணுமுணுத்தால்தான் ஏறும்.

மரியமலர்: உஷ்! ...வட் இஸ் இற், சிஸ்ரர்? ...குட்? வெரி குட்டோ? ...இஞ்சாருங்கோ, நல்லா இருக்காம்! இந்தக் கிழமையிலை இதுதான் திறமாம்! நாளைக்குக் காலமை முதல் ஆள் நீங்களாம்! தாங்க் யூ சிஸ்ரர். தாங்க் யூ.

பஸ்தியாம்பிள்ளை: எழுதிப்போட்டாவோ?

மரியமலர்: எழுதிப்போட்டா. கையெழுத்தும் வைச்சிட்டா. போறா.

பஸ்தியாம்பிள்ளை: கதவடி தாண்டிட்டாவோ?

மரியமலர்: தாண்டிட்டா. ஏன்?

பஸ்தியாம்பிள்ளை: அப்ப மணல்திட்டி தாண்டியாச்சு. இனி விளக்கைக் கொளுத்தும்.

மரியமலர்: எந்த விளக்கை?

பஸ்தியாம்பிள்ளை: போய் ஜெனியைக் கூட்டிக்கொண்டு வாரும். கன்ரீனிலைதானே இருக்கிறாள்? எத்தினை தேத்தண்ணி வாங்கிக் குடுத்தனீர்?

மரியமலர்: யாக்கோப்பு அண்ணை! அந்த மனிசன்ர வாயை நான் இண்டைக்குத் தைக்கிறன்! மாதா படத்திலை கை வைச்சுச் சத்தியம் செய்தவர்!

பஸ்தியாம்பிள்ளை: அவனைப் பேசாதையும். ஒரு சொல்லுச் சொல்லேல்லை, பாவம். மத்தியானம் வந்தான். உந்தக் கதிரையிலை அரை மணித்தியாலம் இருந்தான். மழை எண்டு சொல்லேல்லை, வெயில் எண்டு சொல்லேல்லை. சபையிலை ஆர் ஆரோடை கோவம் எண்டும் சொல்லேல்லை. வாயைக் கையாலை பொத்திக்கொண்டு இருந்தான்.

மரியமலர்: அதுக்கு?

பஸ்தியாம்பிள்ளை: கெட்ட புதினம் எண்டால் யாக்கோப்பாலை அடக்கேலாது. சேவல் கூவாமல் இருக்குதெண்டால் என்ன அர்த்தம்? கப்பல் கிட்ட வந்திட்டுது.

மரியமலர்: அப்ப மத்தியானம் தொடக்கம் தெரிஞ்சுகொண்டோ மாகேற், ஐஸ்கிறீம் எண்டு எனக்குக் கதை அவிழ்த்தனீங்கள்?

பஸ்தியாம்பிள்ளை: வேறை என்ன செய்யிறது? உம்மைக் கண்டவுடனை கேட்டிருந்தால் நீர் அழுவீர். நீர் அழுதால் நான் அழுவன். சிஸ்ரர் வந்தால் போச்சு. உள்ளுக்கு எரியட்டும், புகையாமல் இருந்தால் சரி எண்டு கப்பலைப் பிடிச்சுக்கொண்டு கிடந்தன்.

மரியமலர்: மற்ற நாளையிலை நான் கோட் கழட்ட முந்திக் கேப்பியள், ஜெனியின்ர புதினம் ஏதும் உண்டோ எண்டு. இண்டைக்கு ஒருக்காலும் கேக்கேல்லை. நான் அப்பவே யோசிச்சிருக்க வேணும்... விடிய நாலு மணிக்கு ஹீத்ரோவிலை இருந்து கோல். நான் லைற் போடவும் மறந்து ஓடினனான். பதினொண்டு வரைக்கும் விசாரிச்சுப்போட்டு விட்டவை. விசா விசாரணைக்கு குரோய்டன் ஒபீசுக்குப் பேந்து வரட்டாம். வீட்டையும் போகாமல் அப்பாவைப் பாக்க வேணும் எண்டு நிண்டாள்.

பஸ்தியாம்பிள்ளை: கூட்டிக்கொண்டு வாரும் மரியம். நான் ஓடமாட்டன். வயர் எல்லாம் கட்டியிருக்கு.

மரியமலர்: கன்ரீனிலை இல்லை. உந்தக் கதவுக்கு அங்காலை வாங்கிலைதான் இருக்கிறாள்... பிள்ளை! வா. மெல்ல வா. ஓடாதை.

ஜெனிற்றா: அப்பா...

பஸ்தியாம்பிள்ளை: வா குஞ்சு. அழக்கூடாது. அழுதால் கொம்மா திரும்பவும் அந்த மெசினைக் கூப்பிடுவா.

ஜெனிற்றா: நான் அழேல்லை. நீங்கள்தான் அழுறியள்.

பஸ்தியாம்பிள்ளை: எனக்கு எழுதியாச்சு. நான் அழலாம்.

ஜெனிற்றா: நல்லா மெலிஞ்சு போனியள்.

பஸ்தியாம்பிள்ளை: கொம்மாவின்ர சூப் அப்பிடி... இஞ்ச, உன்ர காலிலை என்ன அது?

ஜெனிற்றா: நான் செருப்போடை வந்தனான். குளிருமெண்டு அம்மாதான் தன்ர சப்பாத்துக் கொண்டுவந்து தந்தவ.

பஸ்தியாம்பிள்ளை: ஒண்டு மண்ணிறம். ஒண்டு கறுப்பு.

மரியமலர்: ஐயோ! மற்றது உன்ர காலிலையோ கிடக்கு? காலமை தொடக்கம் கூட நடக்கிறாய், சொல்லக்கூடாதோ பிள்ளை?

ஜெனிற்றா: நீங்களும் அப்பிடித்தானே போட்டிருந்தனீங்கள்! லண்டனிலை இதுதான் ஸ்ரைல் எண்டு நினைச்சன்.

பஸ்தியாம்பிள்ளை: ஹார்ப்பர் வரட்டும், காட்டுறன். ரெண்டு கரைச் சப்பாத்தும் ஒரு கட்டிலடியிலை சோடி சேந்திட்டுது.

ஜெனிற்றா: ஆர் ஹார்ப்பர்?

மரியமலர்: அது பெரிய கதை. கப்பல் தாழ மூண்டு மணித்தியாலம் எடுக்கும்.

ஜெனிற்றா: மத்தியானமே மாமாவோடை வந்தனான் அப்பா. கண்ணாடிக் கதவாலை ஒருக்கா எட்டிப் பாக்க மட்டும்தான் அம்மா விட்டவ. நீங்கள் நல்ல நித்திரை. குறட்டையும் விட்டியள்.

பஸ்தியாம்பிள்ளை: நான் நித்திரை இல்லைக் குஞ்சு. நீ தலையை நீட்டின உடனை கண்டிட்டன். உன்னைப் பாத்துக்கொண்டு புகையாமல் இருக்க என்னாலை ஏலாது... அதுதான் கண்ணை மூடிக்கொண்டு குறட்டை விட்டனான்.